வெளிநாட்டில் தன்பாலினத் திருமணம், தேனிலவு: முதலில் பார்க்க வேண்டியது கடற்கரையா, கையெழுத்தா?

கேள்வி, 2025 ஜூன் 14

நாங்கள் இரண்டு பேரும் ஆண்கள். பல வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். அடுத்த வருடம் வெளிநாட்டில் கல்யாணம், அப்படியே தேனிலவு என்று முடிவு செய்திருக்கிறோம். கடற்கரை வேண்டும். நெருக்கமானவர்கள் இருபது பேர் வந்தால் போதும். மாலத்தீவு, பாலி, தாய்லாந்து மூன்றும் மனதில் இருக்கின்றன. மூன்று இடத்திலும் கல்யாணத் தொகுப்பு விற்கிறார்கள், படங்களும் அருமையாக இருக்கின்றன. எங்கள் நாட்டில் எங்கள் கல்யாணம் செல்லாது. இந்த மூன்றில் எது நல்லது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 14, இரவு

மூன்றில் இரண்டை இப்போதே அடித்துவிடுங்கள் தம்பி.

மாலத்தீவில் தன்பாலின உறவு சட்டப்படி குற்றம். விடுதித் தீவுகளில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள் என்று நிறைய பேர் சொல்வார்கள், பிரச்சினை இல்லாமல் போய் வந்தவர்களும் உண்டு. இருந்தாலும் உங்கள் கல்யாண நாளை, யாரோ கண்டும் காணாமல் விடும் தயவில் வைக்காதீர்கள்.

பாலி இந்தோனேசியாவில் இருக்கிறது. அங்கே தன்பாலினத் திருமணம் கிடையாது. 2022 டிசம்பரில் நிறைவேறிய புதிய குற்றவியல் சட்டம் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வருகிறது. திருமணத்துக்கு வெளியே உடலுறவு அதில் குற்றம். கணவனோ மனைவியோ பெற்றோரோ பிள்ளைகளோ புகார் கொடுத்தால்தான் வழக்கு என்பது உண்மை. ஆனால் நம்மில் பலருக்குப் பெற்றோர்தானே எதிராக நிற்கிறார்கள்.

இந்த இரண்டு இடத்திலும் உங்களுக்கு விற்கப்படுவது பூ அலங்காரமும் புகைப்படமும்தான். திருமணம் அதற்குள் இல்லை.

தாய்லாந்து வேறு. அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், நாளை எழுதுகிறேன். அதற்குள் நீங்கள் இருவரும் உட்கார்ந்து ஒன்றைப் பேசி வையுங்கள்: உங்களுக்கு வேண்டியது சடங்கா, சான்றிதழா, இரண்டுமா?

ஜூன் 15

தாய்லாந்துக்கு முன்னால் எங்கள் கதை, ஏனென்றால் அதில்தான் விஷயம் இருக்கிறது.

நாங்கள் இருவரும் பெண்கள். எனக்கும் என் மனைவிக்கும் வேறு வேறு நாட்டுப் பாஸ்போர்ட். சேர்ந்து ஒரே நாட்டில் குடியேற எங்களுக்கு ஒரு திருமணச் சான்றிதழ் தேவைப்பட்டது. அதனால் சான்றிதழ் முதலில், மற்றதெல்லாம் பிறகு என்று எளிதாக முடிவெடுத்தோம். டென்மார்க்கில் செய்துகொண்டோம். 1989இல் தன்பாலின இணையரைச் சட்டப்படி பதிவு செய்யத் தொடங்கிய முதல் நாடு அது; முழுத் திருமண உரிமை 2012 ஜூன் 15 முதல். வெளிநாட்டு ஜோடிகள் அங்கே வசித்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தை ஃபமிலியரெட்ஸ்ஹூஸெட் என்ற குடும்பச் சட்ட அலுவலகத்துக்கு இணையத்தில் அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, ஸ்கேன் செய்து தர வேண்டும். உறவு உண்மையானது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். முன்பு மணமானவர் என்றால் மணமுறிவுத் தீர்ப்பும் வேண்டும். அவர்கள் தரும் ஒப்புதல் நான்கு மாதம் செல்லும். அதற்குள் எந்த நகராட்சியிலும் கல்யாணம் செய்துகொள்ளலாம்.

நாங்கள் ஏரோ என்ற சின்னத் தீவுக்குப் போனோம். ஸ்வென்ட்போர்க் துறைமுகத்திலிருந்து படகில் ஒன்றேகால் மணி நேரம். அந்தப் படகில் எங்களைப் போலவே துணி உறையில் கல்யாண உடுப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு இன்னும் சில ஜோடிகள். யாரும் யாரிடமும் பெரிதாகப் பேசவில்லை, ஆனால் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். பதிவாளர் எங்கள் இருவர் பெயரையும் முன்கூட்டியே உச்சரித்துப் பழகி வைத்திருந்தார். என் பெயரை வாழ்நாள் முழுக்கத் தப்பாகச் சொல்லும் அலுவலகங்களையே பார்த்தவள் நான். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இன்னொரு முறை அங்கே போவேன்.

ஜூன் 15, சற்றுப் பிறகு

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். டென்மார்க்கில் கல்யாணம் செய்ய அந்த நாட்டுக்குள் சட்டப்படி நுழைந்திருக்க வேண்டும். ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) தேவைப்படும் பாஸ்போர்ட் உங்களுடையது என்றால், கல்யாண ஒப்புதல் வேறு, விசா வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது.

ஜூன் 16

இப்போது தாய்லாந்து. 2024 செப்டம்பர் 24இல் அரசிதழில் வெளியான சட்டம், 120 நாள் கழித்து, 2025 ஜனவரி 23இல் நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் முதல் நாடு. ஆசியாவில் தைவானுக்கும் நேபாளத்துக்கும் பிறகு. வெளிநாட்டவர் இருவரும் மாவட்ட அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். கேட்பதற்கு மிக எளிது.

சிக்கல் இங்கே. பதிவுக்குப் போகுமுன் உங்கள் நாட்டுத் தூதரகத்திலிருந்து, நீங்கள் திருமணம் செய்யச் சட்டப்படி தடையில்லை என்ற உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். அதைத் தாய்லாந்து மொழியில் மொழிபெயர்க்க வேண்டும். பிறகு தாய்லாந்து வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. முதல் படியில் நிற்கும் அந்தத் தூதரகம் யாருடையது? உங்கள் கல்யாணத்தை ஏற்காத உங்கள் நாட்டினுடையது. தன்பாலின ஜோடிக்கு அந்தக் காகிதத்தைத் தர அவர்கள் மறுத்தால், தாய்லாந்தின் அருமையான சட்டம் உங்களுக்குப் பயன்படாது.

நான் இந்த இழையில் சொல்ல வந்ததே இதுதான். எந்த நாடு அனுமதிக்கிறது என்று கேட்பது பாதிக் கேள்வி. அந்த நாட்டில் கல்யாணம் நடக்க யாருடைய கையெழுத்து வேண்டும் என்பதுதான் மீதிக் கேள்வி. உங்கள் கையெழுத்து போதுமா, உங்கள் அரசின் கையெழுத்தும் வேண்டுமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் விமான டிக்கெட் போடாதீர்கள், மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

ஜூன் 18

"அப்படியானால் எங்கள் கையெழுத்து மட்டும் போதும் என்கிற நாடுகள் எவை அக்கா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

நியூசிலாந்து. 2013 ஆகஸ்ட் 19 முதல் தன்பாலினத் திருமணம் உண்டு. நீங்களே சத்தியப் பிரமாணம் செய்து திருமண உரிமம் வாங்கலாம். உரிமம் மூன்று மாதம் செல்லும். திருமணம் நடத்திவைக்கப் பதிவு பெற்ற நடத்துநர் ஒருவரும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் கடற்கரை, மலை, வீட்டுத் தோட்டம் எங்கே வேண்டுமானாலும் கல்யாணம்.

கனடா. 2005 ஜூலை 20 முதல் நாடு முழுவதும். மாகாணத்துக்கு மாகாணம் விதி கொஞ்சம் மாறும், ஆனால் அங்கே வசித்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை.

அமெரிக்காவில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2015 ஜூன் 26. உரிமம் தருவது அந்தந்த மாநிலத்தின் வேலை. லாஸ் வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுண்டி என்ற மாவட்டத்தில் உரிம அலுவலகம் காலை எட்டு முதல் நள்ளிரவு வரை, விடுமுறை நாளிலும் திறந்திருக்கும். காத்திருப்புக் காலம் இல்லை. ஹவாயிலும் காத்திருக்க வேண்டாம், ஆனால் உரிமம் 30 நாள்தான் செல்லும். நியூயார்க்கில் உரிமம் வாங்கி 24 மணி நேரம் கழித்துத்தான் சடங்கு. விமானத்தில் இறங்கிய அன்றே மாலையில் கல்யாணம் என்று விருந்தினரை வரச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஒரு மாதம் முன்னதாகவே அறிவிப்புக் கொடுத்துவிட வேண்டும்.

போர்ச்சுகல் (2010), ஐஸ்லாந்து (2010) இரண்டும் வெளிநாட்டவரை வரவேற்கும் நாடுகள்தான். ஆனால் மணமாகாதவர் என்று உங்கள் நாடு தரும் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றில் யாரை மணக்கப்போகிறீர்கள் என்று எழுத வேண்டியதில்லை என்றால் பிரச்சினை இல்லை. துணையின் பெயரைக் கேட்கும் நாடு என்றால், தாய்லாந்துக்குச் சொன்ன அதே சிக்கல்.

எல்லோரும் முதலில் நினைக்கும் நெதர்லாந்தை விட்டுவிட்டேன் என்று தோன்றும். 2001 ஏப்ரல் 1இல் உலகத்தில் முதலில் தொடங்கியது அவர்கள்தான். ஆனால் இருவரில் ஒருவராவது அந்நாட்டுக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டும். ஸ்பெயினில் பதிவுத் திருமணத்துக்கும் ஒருவராவது அங்கே குடியிருக்க வேண்டும். சிட்ஜெஸ் கடற்கரைப் படங்களைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் தேனிலவுக்குப் போங்கள்.

ஜூன் 18, இரவு

வீட்டைவிட்டு வெளியே போகாமல் முடியாதா என்று கேட்டவருக்கு: அமெரிக்காவின் யூட்டா கவுண்டி 2020இலிருந்து வீடியோ அழைப்பில் திருமணம் நடத்திவைக்கிறது. உலகில் எங்கிருந்தாலும் உரிமம் வாங்கலாம். சான்றிதழ் உண்மையானது. ஆனால் எல்லா நாட்டுக் குடியேற்றத் துறையும் ஏற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இருவரும் நடத்துநர் முன்னால் நேரில் நின்றிருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகள் உண்டு. விசாவுக்காகச் செய்பவர்கள் முதலில் அந்த நாட்டு விதியைப் படியுங்கள்.

ஜூன் 21

கப்பல் கல்யாணம். ஒருவர் ஆசையாகக் கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

நடுக்கடலில் செல்லுபடியாகும் சட்டம், கப்பல் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுச் சட்டம். மால்டா 2017 செப்டம்பரில் தன்பாலினத் திருமணத்தை ஏற்றது. மால்டா கொடி பறக்கும் சொகுசுக் கப்பல் ஒன்றில் 2018 ஜனவரியில் இரண்டு ஆண்களுக்குக் கேப்டன் சட்டப்படி கல்யாணம் நடத்திவைத்தார். பெர்முடா கொடியென்றால் வேறு கதை. அங்கே நீதிமன்றம் தந்த உரிமையை லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் என்ற மேல்முறையீட்டு மன்றம் 2022 மார்ச்சில் இல்லாமல் செய்துவிட்டது. ஆகவே கப்பலின் உள்ளே எத்தனை நீச்சல் குளம் என்று பார்ப்பதற்கு முன் பின்பக்கம் என்ன கொடி என்று கேளுங்கள். கப்பல் கரை தொடும் துறைமுகங்களின் பட்டியலையும் பாருங்கள். கரீபியன் பயணத்தில் ஜமைக்கா இருக்கும், அங்கே தன்பாலின உறவு இன்னும் குற்றம். பார்படாஸ் 2022 டிசம்பரில் அந்தச் சட்டத்தை நீக்கியது. அருபா, குராசோ இரண்டிலும் 2024 ஜூலையில் திருமண உரிமையே வந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்துத் தீவு, சட்டம் தலைகீழ்.

ஜூன் 27

மகிழ்ச்சியான இடத்தில் இதைப் பேசுகிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். விவாகரத்து.

கல்யாணம் செய்ய அந்த நாட்டில் வசிக்க வேண்டாம். பிரிய வேண்டுமென்றால் பெரும்பாலான நாடுகளில் வசித்திருக்க வேண்டும். உங்கள் சொந்த நாட்டு நீதிமன்றமோ, இல்லாத திருமணத்தை எப்படி முறிப்பது என்று கைவிரித்துவிடும். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். என் தோழி ஒருத்தி வருடக்கணக்காக அப்படி இருந்தாள். அவளுடைய முன்னாள் துணை நல்லவள்தான், இருவருக்கும் சண்டையே இல்லை. ஆனால் இருவராலும் வேறு யாரையும் மணக்க முடியவில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் "மணமானவர்" என்று எழுதிவிட்டுத் தனியாக வாழ்ந்தார்கள். அவள் அந்தக் கட்டத்தில் டிக் போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பேனாவை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுப்பாள்.

கனடாவில் இதே சிக்கல் 2012இல் வெடித்தது. டொராண்டோவில் மணந்த இரண்டு பெண்கள், வெளிநாட்டில் வசிப்பவர்கள், விவாகரத்துக் கேட்டார்கள். அவர்கள் வசித்த ஊர்களில் அந்தத் திருமணம் செல்லாது, அதனால் இங்கேயும் அது திருமணமே அல்ல என்று அரசுத் தரப்பு வாதிட்டது. ஆயிரக்கணக்கான ஜோடிகளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 2013இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். கனடாவில் மணந்த, அங்கே வசிக்காத ஜோடியின் திருமணம் செல்லும். அவர்கள் வசிக்கும் நாடு திருமணத்தை ஏற்காததால் அங்கே விவாகரத்து கிடைக்கவில்லை என்றால், ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்த பிறகு, கல்யாணம் நடந்த அதே மாகாணத்து நீதிமன்றத்தில் முறித்துக்கொள்ளலாம்.

கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் டிசியும் இதுபோல வழி வைத்திருக்கின்றன. இங்கிலாந்திலும், அங்கே மணந்த தன்பாலின ஜோடிக்கு, நீதியின் பொருட்டு நீதிமன்றம் வழக்கை ஏற்கலாம். நியூசிலாந்தில் அப்படி இல்லை; இருவரில் ஒருவராவது அந்த நாட்டை நிரந்தர வாழிடமாகக் கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே 18ஆம் தேதிக் குறிப்பில் நியூசிலாந்தைக் கனடாவுக்கு மேலே எழுதியதை வரிசை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நாடு ஏற்காத திருமணம் என்றால், என் கணக்கில் கனடாவுக்குத்தான் முதலிடம்.

ஜூலை 2

தேனிலவுக்கு வருவோம். கல்யாணம் நடக்கும் இடமும் தேனிலவு போகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? காகிதத்தை ஓர் ஊரில் முடித்துவிட்டால், சடங்கும் தேனிலவும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இதைப் புரிந்துகொண்டதும் எங்களுக்குப் பாரம் இறங்கியது.

நாங்கள் போனது மடெய்ரா. போர்ச்சுகலுக்குச் சொந்தமான அட்லாண்டிக் தீவு. கடற்கரை மணல் தேடுபவர்களுக்கு அது சரிப்படாது, பாறையும் மலையும்தான். மலைப்பக்கம் எங்கும் லெவாடா என்ற வாய்க்கால்கள். அவற்றின் ஓரத்தில் ஒற்றையடிப் பாதை. முன்னால் அவள், பின்னால் நான், பக்கத்தில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டே இருக்கும். பிகோ டோ அரியெய்ரோ உச்சி 1,818 மீட்டர். விடியற்காலையில் போனால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். ஃபனாலில் உள்ள லாரல் மரங்களைப் பார்க்க மூடுபனி நாள்தான் நல்ல நாள். அந்தக் காட்டை யுனெஸ்கோ 1999இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கையை விட வேண்டி வந்திராதவர்கள்.

விடுதி விஷயம் மட்டும் சொல்கிறேன். டபுள் பெட் என்று பதிவு செய்திருந்தோம். அறைக்குள் போனால் இரண்டு ஒற்றைக் கட்டில், நடுவில் ஒரு விளக்கு மேசை. வரவேற்பில் இருந்த பையன் இரண்டு பெண் பெயரைப் பார்த்துத் தானாக மாற்றியிருக்கிறான். கெட்ட எண்ணம் இல்லை, உடனே வேறு அறை கொடுத்தான். ஆனால் அந்த விளக்கத்தை முதல் நாள் இரவு, பயணக் களைப்பில், வரிசையில் நிற்கும் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எங்கே போனாலும் முன்னதாகவே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறோம்: நாங்கள் இருவரும் மனைவியர், ஒரே பெரிய கட்டில் வேண்டும். அதற்கு வரும் பதில் இரண்டு வரியாக இருந்தாலும் போதும், அந்த இடத்தைப் பற்றி விளம்பரப் படங்கள் சொல்லாததைச் சொல்லிவிடும். பதிலே வரவில்லை என்றால் வேறு விடுதி.

ஜூலை 3

டிரான்சிட் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். துபாய், தோஹா வழியாகத்தான் மலிவான டிக்கெட். விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து அடுத்த விமானம் ஏறுவதில் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை. இரவு தங்கி, வெளியே போய், ஒரே அறை எடுப்பது வேறு. அந்த நாடுகளின் சட்டம் அங்கே உங்களுக்கும் பொருந்தும். தேனிலவின் முதல் இரவை அங்கே வைக்காதீர்கள்; நீண்ட இடைவெளி இல்லாத விமானத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள்.

ஜூலை 9

மொரிஷியஸ், செஷல்ஸ் எப்படி என்று கேட்டவருக்கு: தேனிலவுக்குச் சரி, கல்யாணத்துக்கு இல்லை. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தைச் செஷல்ஸ் 2016இல் நீக்கியது. மொரிஷியஸ் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 4இல் அதே வேலையைச் செய்தது. இரண்டிலும் திருமண உரிமை கிடையாது. தென்னாப்பிரிக்காவில் 2006இலிருந்தே உண்டு, ஆப்பிரிக்காவில் அந்த ஒரு நாடுதான். மனசாட்சியைக் காரணம் காட்டி அரசு அதிகாரி தன்பாலினத் திருமணத்தை நடத்த மறுக்கலாம் என்றிருந்த பிரிவையும் 2020இல் எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 20

விருந்தினர் பற்றி இதுவரை எழுதவில்லை.

இருபது பேரை அழைக்கிறீர்கள். அந்த இருபது பேரில் தம் வீட்டில், வேலையிடத்தில் இன்னும் சொல்லாதவர்கள் இருப்பார்கள். உங்கள் கல்யாணப் படம் ஒன்றில் அவர் தன் துணையின் தோளில் கைபோட்டு நின்றால், அந்தப் படம் எங்கே போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. நாங்கள் விருந்தினர் வந்ததும் ஆளுக்கொரு ரிப்பன் தேர்ந்தெடுக்கச் சொன்னோம். மஞ்சள் கட்டியவர்களைப் படம் எடுக்கலாம். நீலம் கட்டியவர்களை எடுக்கக் கூடாது. புகைப்படக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தோம். நீலம் கட்டியவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அதில் ஒருவர் சடங்கு முடியும்வரை கைக்கடிகாரத்துக்கு அடியில் ரிப்பனை மறைத்து வைத்திருந்தார், பிறகு நடனம் ஆடும்போது அது வெளியே வந்துவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஆடிக்கொண்டே இருந்தார். ஊர்ப்பெயரோடு படத்தை இணையத்தில் போடுவதையும் எல்லோரும் வீடு போய்ச் சேரும்வரை தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

ஜூலை 22

திருநர் வாசகர் ஒருவர் தனியாகக் கேட்ட கேள்வி, அனுமதியோடு இங்கே பதில் சொல்கிறேன்.

நியூசிலாந்து, கனடா போன்ற இடங்களில் யார் எந்தப் பாலினம் என்பதைப் பொறுத்துத் திருமணத் தகுதி மாறாது. தாய்லாந்துச் சட்டமும் இப்போது ஆண், பெண் என்று சொல்வதில்லை, நபர்கள் என்றுதான் சொல்கிறது. உங்கள் கோப்பு நிற்கப்போவது வேறு இடத்தில்: பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் இன்னொரு பெயர். பெயர் மாற்ற ஆணையை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, முதல் விண்ணப்பத்தோடேயே வையுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். விமான டிக்கெட் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பிறகு குடும்பப் பெயரை மாற்றப்போகிறவர்களுக்கும் இதேதான், தேனிலவு முடிந்து திரும்பிய பிறகு மாற்றுங்கள்.

ஆகஸ்ட் 5

எங்கள் நாடு ஏற்காது என்றால் இவ்வளவு செலவழித்து வாங்கும் காகிதத்தால் என்ன பயன் என்று ஒருவர் கொஞ்சம் காட்டமாகக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, நானும் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

முதலில் ஓர் உதாரணம். ருமேனியாக்காரர் ஒருவரும் அமெரிக்கர் ஒருவரும் 2010இல் பிரஸ்ஸல்ஸில் மணந்தார்கள். ருமேனியா அமெரிக்கக் கணவருக்கு வசிப்பு உரிமை தர மறுத்தது. 2018 ஜூன் 5இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், வசிப்பு உரிமைக்கு அந்தத் திருமணத்தை ஏற்றே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கையில் காகிதம் இருந்ததால்தான் நீதிமன்றம் வரை போக முடிந்தது. ஹாங்காங்கிலும் அங்கே தன்பாலினத் திருமணம் இல்லாதபோதே, வெளிநாட்டில் சட்டப்படி இணையராகப் பதிந்தவர்கள் 2018இல் துணைவருக்கான விசாவை வென்றார்கள், மணந்தவர்கள் 2024 நவம்பரில் வாரிசுரிமையையும் அரசு வீட்டுரிமையையும் வென்றார்கள். சட்டம் மாறும்போது முதல் வரிசையில் நிற்பவர் ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருப்பவர்.

ஆனால் அந்த நாள் வரும்வரை காகிதம் தனியாக உங்களைக் காப்பாற்றாது. உயில் எழுதுங்கள். மருத்துவ முடிவுகளுக்கு அதிகாரப் பத்திரம் எழுதுங்கள். கல்யாணத்துக்கு முன்பே எழுதி, பயணத்தில் இருவர் பையிலும் நகல் வையுங்கள். அயல்நாட்டு மருத்துவமனையில் நள்ளிரவில் "நீங்கள் இவருக்கு என்ன உறவு?" என்று கேட்கும்போது காட்ட ஏதாவது இருக்க வேண்டும். பயணக் காப்பீட்டில் துணைவர் என்பதற்கு என்ன வரையறை கொடுத்திருக்கிறார்கள் என்றும் படியுங்கள். சிலவற்றில் உங்கள் நாட்டுச் சட்டம் ஏற்கும் துணைவர் என்று ஒரு சொற்றொடர் ஒளிந்திருக்கும்.

நவம்பர் 26

மேலே ருமேனிய வழக்கைச் சொல்லியிருந்தேன் அல்லவா? நேற்று அதைவிடப் பெரிய தீர்ப்பு. 2018இல் பெர்லினில் மணந்த போலந்துக்காரர்கள் இருவருடைய திருமணத்தைப் போலந்து ஏற்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலந்து தன் நாட்டில் தன்பாலினத் திருமணத்தைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லவில்லை. ஒன்றியத்தில் இன்னொரு நாட்டில் குடியிருந்தபோது முறைப்படி நடந்ததை ஏற்க வேண்டும் என்கிறது. ஆகஸ்டில் காட்டமாகக் கேட்டவர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். எனக்கு இன்று முழுக்க மனது நிறைந்திருக்கிறது.

டிசம்பர் 3

கேள்வியைத் தொடங்கிய தம்பி திரும்பி வந்திருக்கிறார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டொஃபினோ கடற்கரை, அங்கிருந்து தேனிலவுக்கு மெக்சிகோவின் புயெர்ட்டோ வயார்ட்டா. படித்ததும் கைதட்டினேன். டொஃபினோவில் தென்னை இல்லை, கடல் குளிரும், மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். ஆனால் இருவர் கையெழுத்தும் போதும், பிரிய நேர்ந்தாலும் கதவு திறந்திருக்கும். வயார்ட்டாவில் வெதுவெதுப்பான கடல் கிடைக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை அந்த விரிகுடாவுக்குத் திமிங்கிலங்கள் வரும். ரொமாண்டிகா பகுதியில் நம்மைப் போன்ற ஜோடிகள் கூட்டம் எப்போதும் உண்டு.

கடைசியாகக் கேட்டதற்குப் பதில். அந்த மாகாணத்தில் உரிமம் வாங்க ஒருவர் நேரில் போனாலே போதும், இருவர் அடையாளச் சான்றும் கையில் இருக்க வேண்டும். மூன்று மாதம் செல்லும், காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும், வருகிற இருபது பேரில் யாரை என்று இப்போதே சொல்லிவையுங்கள், அன்று காலையில் மனக்கசப்பு வேண்டாம். சடங்கு முடிந்ததும் நடத்துநர் தருகிற காகிதத்தோடு ஊர் திரும்பிவிடாதீர்கள். சட்டப்படியான சான்றிதழை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுத் துறையிலிருந்து தனியாக வரவழைக்க வேண்டும். ஒரு நாட்டு ஆவணத்தை ஒப்பந்தத்தில் உள்ள மற்ற நாடுகள் ஏற்க ஒரே முத்திரை போதும் என்கிற அப்போஸ்டில் ஒப்பந்தம், கனடாவில் 2024 ஜனவரி 11இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் எழுதிய வழிகாட்டிகளில் தூதரகம் தூதரகமாக அலையச் சொல்லியிருப்பார்கள், உங்கள் நாடும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தால் அதைப் பின்பற்ற வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி வாங்குங்கள், ஒவ்வொன்றிலும் அப்போஸ்டில் போடுங்கள், ஒன்றை உயிலோடு சேர்த்து வையுங்கள்.